கோட்டையும் பேட்டையும்: காலடிப்பேட்டையிலிருந்து புனித ஜார்ஜ் கோட்டைக்கு

அறிமுகம்

சென்னையைப் பார்க்க வருவோர் தவறாமல் செல்லும் வரலாற்றுச் சின்னங்களுள் புனித ஜார்ஜ் கோட்டை ஒன்று. தமிழ்நாட்டின் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இன்றும் அதற்குள்தான் இயங்குகின்றன. கோட்டைக்கு வடக்கே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிக் காலடிப்பேட்டை என்னும் ஊர் இருக்கிறது. சுற்றுலாக் கையேடுகள் எதிலும் அதற்கு இடம் இருப்பதில்லை. ஆனால் கோட்டையின் வரலாற்றைக் காலடிப்பேட்டை இல்லாமல் முழுமையாகச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் உள்ள உறவை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பணியில் இருந்த காலத்தில் வடசென்னைப் பள்ளியொன்றின் மாணவர்களை ஆண்டுதோறும் கோட்டைக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். அப்படி ஒருமுறை கிளம்பும்போது ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், "சார், நம்ம ஊரு காலடிப்பேட்டைன்னு சொல்றாங்களே, அது யாரோட காலடி?" என்று கேட்டான். ஆதிசங்கரர் பிறந்த ஊர் கேரளத்துக் காலடி. அவர் திருவொற்றியூருக்கு வந்தார் என்பது மரபு. ஆகவே அதையொட்டி வந்த பெயராக இருக்கலாம் என்று நான் பதில் சொன்னேன். அது தவறு. பல ஆண்டுகள் அந்தத் தவறையே சொல்லிக்கொண்டிருந்தேன். சரியான விடை அன்று நாங்கள் பார்க்கப் போன கோட்டைக்குள்ளேதான் இருந்தது.

பெயர்க் காரணம்

காலடிப்பேட்டை என்பது 'காலெட் பேட்டை' என்பதன் திரிபு. ஜோசப் காலெட் என்பவர் 1717ஆம் ஆண்டு ஜனவரி முதல் 1720ஆம் ஆண்டு ஜனவரி வரை, கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் சென்னையின் ஆளுநராக இருந்தார். திருவொற்றியூருக்கு அருகே அவர் காலத்தில் நெசவாளர் குடியிருப்பு ஒன்று அமைக்கப்பட்டது. அதற்கு அவர் பெயரே இடப்பட்டது. அயல்மொழிப் பெயர் மக்கள் நாவில் புழங்கும்போது, அவர்களுக்குப் பொருள் தரும் சொல்லாக மாறிவிடுவது இயல்பு. 'காலெட்' அப்படித்தான் 'காலடி' ஆனது. ஹாமில்டன் பாலம் 'அம்பட்டன் பாலம்' ஆகி, பின்னர் அதுவே ஆங்கிலத்தில் 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று மொழிபெயர்க்கப்பட்ட கதையைச் சென்னையில் பலரும் அறிவர்.

'பேட்டை' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். வணிகமோ கைத்தொழிலோ நடக்கும் குடியிருப்பை அது குறிக்கும். வண்ணாரப்பேட்டை, தண்டையார்ப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை, காலடிப்பேட்டை எனக் கோட்டையைச் சுற்றிப் பேட்டைகள் பல உண்டு. அவற்றுள் வண்ணாரப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை, காலடிப்பேட்டை மூன்றின் பிறப்பும் துணியோடு பின்னியது.

துணிக்காக எழுந்த கோட்டை

கோட்டை என்றால் போர், பீரங்கி, படைவீரர் என்றுதான் மாணவர் மனத்தில் தோன்றும். புனித ஜார்ஜ் கோட்டை முதலில் ஒரு துணிக்கிடங்கு.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிக்கு உலகச் சந்தையில் பெரும் தேவை இருந்தது. தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் மிளகும் வாசனைப் பொருள்களும் வாங்கச் செல்லும் வணிகர்களிடம் அங்குள்ளோர் வெள்ளியைவிடத் தென்னிந்தியத் துணியையே விரும்பிக் கேட்டனர். கம்பெனி அதிகாரியான பிரான்சிஸ் டே துணி மலிவாகக் கிடைக்கும் இடம் தேடிக் கரையோரமாகத் தெற்கு நோக்கி வந்தார். மதராசப்பட்டினத்தில் துணி மற்ற இடங்களைவிட நூற்றுக்கு இருபது விழுக்காடு மலிவு என்று அவர் தம் மேலதிகாரிகளுக்குத் தெரிவித்தார். இயற்கைத் துறைமுகம் இல்லாத, அலை மோதும் வெறும் மணற்கரையைக் கம்பெனி தேர்ந்தெடுத்ததற்கு முதன்மைக் காரணம் இந்த விலைதான்.

1639ஆம் ஆண்டு தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து நிலம் பெறப்பட்டது. அந்த ஒப்பந்தம் கைகூடக் கம்பெனியின் துபாஷியாக இருந்த பேரி திம்மண்ணா உதவினார். மறு ஆண்டு கட்டடப் பணி தொடங்கியது. இங்கிலாந்தின் காவற்புனிதரான ஜார்ஜின் திருநாள் ஏப்ரல் 23. அவர் பெயரே கோட்டைக்குச் சூட்டப்பட்டது.

மெட்ரோவில் இறங்கி நடந்தால்

2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் நீட்டிக்கப்பட்டபோது காலடிப்பேட்டைக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. காலெட்டின் பெயர், திரிந்த வடிவிலேயே, அந்த நிலையப் பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே ஏறினால் சுங்கச்சாவடி, தண்டையார்ப்பேட்டை, வண்ணாரப்பேட்டை, மண்ணடி வழியாக உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கலாம். முன்பு மாணவர்களோடு பேருந்தில் நெரிசலில் நின்றுகொண்டு போன அதே வழிதான் இது.

உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கியதும் நேரே கோட்டைக்குப் போய்விடக் கூடாது. முதலில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் நிற்கும் சிறிய எல்லைத் தூண். 1773ஆம் ஆண்டு இத்தகைய தூண்கள் வரிசையாக நாட்டப்பட்டன. அவற்றுக்கும் கோட்டைக்கும் இடையே எவரும் வீடு கட்டக் கூடாது என்பது ஆணை. அந்த வரிசையில் இன்று எஞ்சி நிற்பது இது ஒன்றே. பாரிமுனையில் நாள்தோறும் கடந்து போகும் ஆயிரக்கணக்கானோரில் அதைக் கவனிப்பவர் மிகச் சிலர்.

மற்றொன்று, உயர் நீதிமன்ற வளாகம். 1892இல் திறக்கப்பட்ட செந்நிறக் கட்டடத்தின் அழகை எல்லோரும் பார்ப்பார்கள். அதன் அடியில் ஓர் ஊர் இருந்தது என்பதை நினைப்பவர் குறைவு. கோட்டையின் வடமதிலை ஒட்டி, இந்த நிலத்தில்தான் பழைய கறுப்பர் நகரம் இருந்தது. கோட்டைக்குள் ஐரோப்பியர் வாழ்ந்த பகுதி வெள்ளையர் நகரம். வெளியே இந்தியர் வாழ்ந்த பகுதி கறுப்பர் நகரம். வணிகர், துபாஷிகள், கணக்கர், நெசவாளர், சாயம் தோய்ப்போர், படகோட்டிகள் எனக் கோட்டையை இயக்கிய அனைவரும் இங்கே குடியிருந்தனர்.

1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். மூன்றாண்டுக்குப் பின் உடன்படிக்கைப்படி திருப்பித் தந்தனர். இடைப்பட்ட காலத்திலும் அதற்குப் பின்னரும், கோட்டை மதிலை ஒட்டியிருந்த வீடுகள் இடிக்கப்பட்டன. 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை மீண்டும் முற்றுகையிட்டது. எதிரி வீடுகளின் மறைவில் நின்று சுடுகிறான் என்பதால், முற்றுகை நீங்கியபின் பழைய கறுப்பர் நகரம் முழுவதும் அகற்றப்பட்டு வெட்டவெளி ஆக்கப்பட்டது. நகரின் பழைய சென்னகேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. பூக்கடைப் பகுதியில் இன்று நாம் காணும் சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் இரட்டைக் கோயில்கள் அதற்கு ஈடாகப் பின்னர் எழுந்தவை. அதற்குப் பெரிதும் துணைநின்றவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார்.

எல்லைத் தூண் சொல்லும் செய்தி இதுதான். கோட்டையைக் காப்பதற்காக, கோட்டையை வாழவைத்தவர்களின் ஊர் அழிக்கப்பட்டது.

கோட்டைக்குள் காண வேண்டியவை

ராஜாஜி சாலை வழியாகக் கோட்டைக்கு வந்தால் முதலில் அகழியும் மதிலும் தெரியும். இவை 1640இல் கட்டியவை அல்ல. லாலியின் முற்றுகைக்குப் பின் கோட்டை பெரிதாக்கப்பட்டு, 1783 அளவில் இன்றைய வடிவத்தைப் பெற்றது. கடல் அன்று கிழக்கு மதிலுக்கு அருகிலேயே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகம் கட்டப்பட்டபின், அதன் தெற்கே மணல் சேர்ந்து கடல் விலகிப் போனது.

புனித மேரி தேவாலயம் கோட்டைக்குள் இருக்கும் கட்டடங்களில் மிகப் பழையது. 1678இல் தொடங்கி 1680 அக்டோபர் 28 அன்று திருநிலைப்படுத்தப்பட்டது. ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் ஆளுநராக இருந்தபோது, கம்பெனியின் பணத்தில் அல்லாமல் கோட்டையில் வாழ்ந்தோர் கொடுத்த நன்கொடையில் கட்டப்பட்டது. சுவர்கள் ஏறத்தாழ 4 அடி கனம். கூரையில் மரமே இல்லை. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்குமாறு வில்வளைவாகச் செங்கல்லால் கட்டியிருக்கிறார்கள். பின்னாளில் ஆளுநரான எலிஹூ யேல் 1680லும், ராபர்ட் கிளைவ் 1753லும் இங்கேதான் திருமணம் செய்துகொண்டனர்.

தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களை மாணவர்கள் நின்று பார்க்க வேண்டும். இலத்தீன், போர்த்துகீசியம், ஆர்மீனியம் ஆகிய மொழிகளில் எழுத்துகள் இருக்கும். அவை முதலில் இந்த இடத்தில் இருந்தவை அல்ல. பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்த பழைய இடுகாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவை. லாலியின் வீரர்கள் அந்தக் கல்லறைகளுக்குப் பின்னால் மறைந்து சுட்டதால், அவற்றைப் பெயர்த்து இங்கே பதித்துவிட்டனர்.

கோட்டை அருங்காட்சியகம் 1795இல் கட்டி முடிக்கப்பட்ட கட்டடத்தில் உள்ளது. வணிகர்கள் கூடும் பரிவர்த்தனை மண்டபமாக இருந்த அது, 1948இல் அருங்காட்சியகம் ஆனது. இந்தியத் தொல்லியல் துறை அதைப் பராமரிக்கிறது. நாணயங்கள், பதக்கங்கள், வாள்கள், ஆளுநர்களின் பெரிய ஓவியங்கள், காரன்வாலிசின் பளிங்குச் சிலை ஆகியவை அங்கே உள்ளன. அந்தச் சிலையின் பீடத்தில், 1792இல் திப்பு சுல்தானின் இரு மகன்கள் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றப்பட்ட தேசியக் கொடியும் இந்த அருங்காட்சியகத்தில்தான் பாதுகாக்கப்படுகிறது.

சட்டமன்றக் கட்டடத்தில் உள்ள கருங்கல் தூண்களுக்கும் ஒரு பயணக் கதை உண்டு. 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர் அவற்றைப் புதுச்சேரிக்குக் கொண்டு போனார்கள். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபின் அவை திரும்பி வந்தன.

இத்தனையும் பார்த்து முடித்தபின் மாணவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்தக் கோட்டை எதற்காகக் கட்டப்பட்டது?" துணிக்காக என்று சொல்வார்கள். "அந்தத் துணியை நெய்தவர் ஒருவருடைய பெயரையாவது இங்கே பார்த்தீர்களா?" ஒருவரும் பதில் சொன்னதில்லை. நானும் பலமுறை தேடிப் பார்த்திருக்கிறேன். ஆளுநர், தளபதி, பாதிரியார், அவர்தம் மனைவி மக்கள் ஆகியோரின் பெயர்கள் கல்லிலும் பித்தளையிலும் இருக்கின்றன. நெசவாளர் பெயர் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அவர்களின் சுவடு வேண்டுமானால் பேட்டைகளுக்குத்தான் திரும்ப வேண்டும்.

காலெட்டும் ஐந்து கிராமங்களும்

திருவொற்றியூர், சாத்தங்காடு, கத்திவாக்கம், வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகிய ஐந்து கிராமங்கள் 1708இல் நவாபு தாவூத் கானால் கம்பெனிக்கு வழங்கப்பட்டன. சில ஆண்டுகளிலேயே அவை திரும்பப் பெறப்பட்டன. கம்பெனி ஜான் சர்மன் தலைமையில் டில்லிக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. அக்குழுவில் இருந்த வில்லியம் ஹாமில்டன் என்னும் மருத்துவர், பேரரசர் பரூக்சியாரின் நோயைக் குணப்படுத்தினார். 1717இல் பேரரசர் அளித்த ஆணையால் இந்த ஐந்து கிராமங்களும் மீண்டும் கம்பெனிக்கு உரியவை ஆயின.

அப்போது கோட்டையில் ஆளுநராக இருந்தவர் காலெட். ஆணை தாளில் இருந்தாலும் நிலம் எளிதில் கைக்கு வரவில்லை. நவாபு தரப்பினர் எதிர்த்தனர். 1717இல் திருவொற்றியூரில் மோதல் நடந்து, கம்பெனிப் படை வென்றபின்னரே கிராமங்கள் வசப்பட்டன.

காலெட் 1673இல் பிறந்தவர். சென்னைக்கு வருமுன் சுமத்திராவின் பெங்கூலன் குடியேற்றத்தில் பதவி வகித்தவர். சமயத்தில் பாப்டிஸ்டு. 1716இல் சீனக் கைவினைஞர் ஒருவர் அவரை உருவமாக வடித்தார். மூன்றடிக்கும் குறைவான உயரம் கொண்ட அந்த வண்ணச் சிலை, இன்று இலண்டனில் உள்ள தேசிய உருவப்படக் கூடத்தில் இருக்கிறது. அவர் எழுதிய கடிதங்களும் 20ஆம் நூற்றாண்டில் நூலாகப் பதிப்பிக்கப்பட்டன. மூன்றே ஆண்டு ஆண்டவருக்குச் சிலை இருக்கிறது, கடிதத் தொகுப்பு இருக்கிறது, ஓர் ஊரின் பெயரும் இருக்கிறது.

புதிதாகக் கிடைத்த நிலத்தில் நெசவாளர்களைக் குடியேற்றிய காலெட்டின் ஊர், நூற்றுச் சொச்சம் வீடுகளும் சில கடைகளும் ஒரு கோயிலுமாகத் தொடங்கியது.

நெசவாளரை ஏன் அருகில் குடியேற்றினார்கள்?

கம்பெனி நேராகத் தறிக்காரரிடம் துணி வாங்கவில்லை. உள்ளூர் வணிகர்களோடு ஒப்பந்தம் செய்து முன்பணம் கொடுத்தது. வணிகர் தம் தரகர் மூலம் நெசவாளருக்கு முன்பணம் தந்தார். நெசவாளர் நூல் வாங்கி நெய்து கொடுத்தார். துணி கோட்டைக்கு வந்ததும் நீளம், அகலம், நூலின் நயம் பார்த்துத் தரம் பிரிக்கப்பட்டது. தரம் குறைந்தது என்று கழிக்கப்பட்டால் இழப்பு கடைசியில் நெசவாளர் தலையில்தான் விழுந்தது. தேறிய துணி வெளுக்கப்பட்டு, பொதியாகக் கட்டப்பட்டு, மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து, கடலில் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குப் போனது. வெளுப்பவர் வாழ்ந்த பகுதியே வண்ணாரப்பேட்டை.

இந்த ஏற்பாட்டில் கம்பெனிக்கு எப்போதும் ஓர் அச்சம் இருந்தது. உள்நாட்டில் போரோ பஞ்சமோ வந்தால் துணி வராது. அமைதியான காலத்திலும், கூடுதல் விலை தரும் டச்சுக்காரருக்கோ பிரெஞ்சுக்காரருக்கோ தனி வணிகருக்கோ நெசவாளர் துணியை விற்றுவிடலாம். அவர்களைக் கோட்டையின் எல்லைக்குள்ளேயே குடியேற்றிவிட்டால் இந்த இரண்டு கவலையும் குறையும். காலடிப்பேட்டை இந்தக் கணக்கில் பிறந்தது. அதே வழியில் 1734இல், ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் சிந்தாதிரிப்பேட்டை உருவாக்கப்பட்டது. 'சின்னத் தறிப் பேட்டை' என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர்.

நெசவாளருக்கும் இதில் பயன் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. குதிரைப்படைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடிய காலத்தில், கொள்ளைக்கு அஞ்சாமல் தறி ஓட்டக் கோட்டையின் நிழல் உதவியது. ஆனால் நிழலில் நின்றவர் விலை பேச முடியாது. வாங்குபவர் ஒருவரே என்றால் விலையைச் சொல்பவரும் அவரே.

நெசவுத் தெரு என்றால் எப்படி இருக்கும் என்று நகரத்து மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. தறி வீட்டுக்குள் இருக்கும். ஆனால் பாவு நீட்டவும் கஞ்சி போட்டு உலர்த்தவும் நீளமான, நிழலுள்ள தெரு வேண்டும். அதிகாலையில் வீட்டார் எல்லோரும் தெருவுக்கு வந்து, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தோய்த்துத் தேய்ப்பார்கள். நூல் நூற்பது, இழை கோப்பது என வேலையில் பாதி பெண்களுடையதும் சிறுவர்களுடையதும். ஒரு தறி ஓடினால் ஒரு குடும்பமே உழைக்கிறது என்று பொருள்.

கோயிலும் கதையும்

காலடிப்பேட்டையில் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் உள்ளது. அதைப் பற்றி வழிவழியாக ஒரு கதை சொல்லப்படுகிறது. காலெட்டிடம் வீரராகவர் என்பவர் பணியாற்றினார். காஞ்சி வரதரை வழிபட்ட பிறகே வேலைக்கு வருவார், அதனால் தாமதமாகும். ஒருநாள் ஆளுநர் சினந்து, "உங்கள் சாமி இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார், சொல்லும் பார்ப்போம்" என்று கேட்டாராம். வீரராகவர் கண்ணை மூடி, காஞ்சியில் தேர் நிலைகுத்தி நிற்கிறது என்றாராம். ஆள் அனுப்பி விசாரித்தபோது அது உண்மையாக இருந்தது. வியந்துபோன காலெட், வீரராகவர் அவ்வளவு தொலைவு போய்வர வேண்டாமென்று இங்கேயே வரதருக்குக் கோயில் அமைத்தார். விவரங்கள் சொல்பவருக்குச் சொல்பவர் சற்று மாறும்.

இக்கதையை வரலாறு என்று சொல்ல முடியாது. வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் கூடாது. ஊர் தன் பிறப்பை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதை இது காட்டுகிறது. கோயில் இல்லாத இடத்தில் எவரும் குடியேற மாட்டார்கள் என்பதைக் கம்பெனியாரும் நன்கு அறிந்திருந்தனர். சிந்தாதிரிப்பேட்டையிலும் ஆதிகேசவப் பெருமாள், ஆதிபுரீசுவரர் கோயில்கள் ஊரோடு சேர்ந்தே எழுந்தன. கதையில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஆளுநர் அதிகாரம் உடையவர், வீரராகவரோ பணியாள். ஆனால் கதையின் முடிவில் தலைவணங்குபவர் ஆளுநர். கோட்டைக்குள் நடந்திருக்க முடியாததை ஊர் தன் கதைக்குள் நடத்திக்கொண்டது.

1719: இரண்டு ஊர் நெசவாளர்கள்

காலெட் ஆட்சியின் இறுதிக் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி, இந்தச் சிற்றூரை உலக வரலாற்றோடு இணைக்கிறது. இந்தியப் பருத்தித் துணி இங்கிலாந்தில் 'காலிகோ' எனப்பட்டது. கோழிக்கோட்டின் ஆங்கிலப் பெயரான காலிகட் என்பதிலிருந்து வந்த சொல் அது. மலிவாகவும் மென்மையாகவும் துவைத்தாலும் மங்காத நிறத்தோடும் இருந்ததால், சீமாட்டி முதல் வேலைக்காரப் பெண் வரை எல்லோரும் அதை விரும்பி உடுத்தினர். அங்கே கம்பளியும் பட்டும் நெய்தவர்களுக்குப் பிழைப்புப் போயிற்று. 1700ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்ட, வண்ணம் தீட்டிய ஆசியத் துணிகளை உள்நாட்டு விற்பனைக்கு இறக்குமதி செய்யத் தடை விதித்தது. அப்போதும் வெள்ளைத் துணியை வாங்கி அங்கேயே அச்சிட்டு விற்றனர்.

1719இல் இலண்டனின் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதி நெசவாளர்கள் தெருவில் இறங்கிக் கலகம் செய்தனர். காலிகோ உடுத்திச் சென்ற பெண்களின் ஆடைகளைக் கிழித்தனர். அவற்றின் மேல் மையும் திராவகமும் ஊற்றினர். 1721இல் அச்சிட்ட காலிகோவை உடுத்துவதையே பெரும்பாலும் தடைசெய்யும் சட்டம் வந்தது.

இங்கே திருவொற்றியூர் அருகே நெசவாளர் ஊர் ஒன்று தழைக்கத் தொடங்கிய அதே ஆண்டுகளில், அங்கே இந்தத் துணியை எதிர்த்து நெசவாளர்கள் கலகம் செய்துகொண்டிருந்தார்கள். இரு தரப்பும் ஏழைகள். இரு தரப்பும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. நடுவில் இருந்து ஆதாயம் கண்டது கம்பெனி. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, லங்காஷயர் ஆலைத் துணி இந்தியச் சந்தையில் குவிந்தபோது சோழமண்டலக் கரையின் ஏற்றுமதி நெசவு சரிந்தது. துணிக்காகக் கட்டிய கோட்டை அதற்குள் ஒரு பேரரசின் நிர்வாக மையமாக மாறிவிட்டது. அதற்கு நெசவாளரின் தேவை முன்போல் இல்லை.

பின்னர் நடந்தவை

வடசென்னையின் உழைப்பு அத்தோடு முடியவில்லை. வேறு தொழில்களுக்கு மாறியது. 20ஆம் நூற்றாண்டில் திருவொற்றியூர் வட்டாரம் தொழிற்சாலைகளின் ஊராயிற்று. விம்கோ தீப்பெட்டி ஆலை வந்தது. 1946இல் ஒரு சிறு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எப். பின்னாளில் டயர் உற்பத்தியில் பெயர் பெற்றது. 1955இல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை தொடங்கியது. சங்கொலி கேட்டு எழுந்து, சைக்கிளில் சோற்றுத் தூக்கோடு போன தலைமுறையின் பிள்ளைகளுக்குத்தான் நான் பாடம் நடத்தினேன்.

கோட்டைக்கு எதிரே மணலைச் சேர்த்துக் கொடுத்த துறைமுகம், வடக்கே எதிர்விளைவை ஏற்படுத்தியது. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அது தடுத்துவிட்டதால், இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையை அரித்தது. கடலோரக் குப்பங்களில் வீடுகளும் தெருக்களும் போயின. இன்று அங்கே கருங்கற்களைக் கொட்டி அலையைத் தடுக்கிறார்கள். கோட்டை கடலை விட்டு விலகியதும் குப்பம் கடலில் கரைந்ததும் ஒரே காரணத்தால்தான்.

பார்க்கச் செல்லும் மாணவர்களுக்கு

கோட்டையையும் பேட்டையையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். காலையில் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கி, எல்லைத் தூண், உயர் நீதிமன்றம், கோட்டை, தேவாலயம், அருங்காட்சியகம் என்ற வரிசையில் செல்லுங்கள். தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் வாயிலில் சோதனை இருக்கும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மாலையில் மெட்ரோவில் காலடிப்பேட்டை வந்து, பெருமாள் கோயிலைப் பார்த்து, தெருக்களில் சற்று நடந்து செல்லுங்கள். கையில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, ஊரின் முதியவர்களிடம் அவர்களின் தாத்தா என்ன வேலை செய்தார் என்று கேட்டு எழுதுங்கள். அருங்காட்சியகத்தில் கிடைக்காத செய்தி அதில் கிடைக்கும்.

முடிவுரை

புனித ஜார்ஜ் கோட்டை காக்கப்பட வேண்டிய சின்னம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மதிலையும் தூணையும் பார்த்துத் திரும்பினால் அதன் வரலாற்றில் பாதியைத்தான் பார்த்தவர்கள் ஆவோம். மற்றப் பாதி வண்ணாரப்பேட்டையிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் காலடிப்பேட்டையிலும் இருக்கிறது. அங்கே பார்ப்பதற்குப் பெரிய கட்டடம் இல்லை. பெயர் மட்டுமே மிச்சம். அந்தப் பெயரையும் தவறாக விளங்கிக்கொண்டால் மிச்சமும் போய்விடும்.

அன்று கேள்வி கேட்ட மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இது: தம்பி, பெயரில் இருப்பது காலடி அல்ல, காலெட் என்ற ஓர் ஆளுநர். ஆனால் அந்த ஊரில் பாவு நீட்டி, தெருவில் முன்னும் பின்னும் நடந்து நடந்து, ஒரு கோட்டையையே எழுப்பிக் கொடுத்தவர்களின் காலடி என்று நீ சொன்னாலும் பொருள் பொருந்தும்.